தன்மதிப்பும் தன்னம்பிக்கையும்

தன்னம்பிக்கை வேறு; தன்மதிப்பு வேறு. ‘இவ்வேலையை என்னால் செய்ய இயலும்’ என்னும் உறுதியே தன்னம்பிக்கை. அது பழக்கத்தால் வளர்வது. தொழிலுக்குத் தொழில் மாறுவது. ‘நானும் பிறருக்கு நிகரான மனிதப் பிறவியே’ என்னும் உணர்வு தன்மதிப்பு ஆகும்.

40 ஆண்டுகள் உழவில் தேர்ந்தவர் வயலில் தயங்குவதில்லை. அவரே, கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும்போது வாய் திறவாது அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். ‘கேட்டால் நகைப்பார்களோ’ என்னும் அச்சமே இதற்குக் காரணம். அவர் கேளாதுவிட்ட கேள்வியால் ஊர்ப்பணம் ஆராயப்படாமலே தீர்மானம் நிறைவேறுகிறது.

தன்மதிப்புடையவர், ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லக் கூசார். கேட்பவர் கற்பார், கற்றவருக்கு நம்பிக்கை தானே வரும். பிறரைத் தாழ்த்தி உயர நினைப்பதோ செருக்கேயன்றித் தன்மதிப்பன்று.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இடங்களை ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. சட்டம் இருக்கையை அளிக்கும். அதில் நிமிர்ந்து அமரும் துணிவு வளரச் சபையோரின் மரியாதையும் வேண்டும். ஆகவே, அடுத்த கிராம சபையில் புதியவர் ஒருவர் பேச எழுந்தால், அவர் பேசி முடிக்கும்வரை நாம் செவிசாய்ப்போமாக!