டோல்கீனின் பெரிய நாவலைப் படிக்கும்போது



ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954-லும் 1955-லும் லண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. உள்ளே கதை ஆறு பகுதிகளாக ஓடுகிறது. சாகசக் கதை என்று நம்பி எடுத்தவருக்கு முதலில் கிடைப்பது ஹாபிட்டுகளின் பழக்கவழக்கங்களைச் சொல்லும் முன்னுரை, அடுத்து பில்போவின் 111-வது பிறந்தநாள் விருந்து. விருந்து முடிந்து 17 ஆண்டுகள் கழித்துத்தான் ஃப்ரோடோ வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். இங்கே சலிப்பு வருவது இயல்பு. முன்னுரையை வேண்டுமானால் பிறகு படித்துக்கொள்ளலாம்; விருந்தை விடக் கூடாது. ஹாபிட்டுகளின் ஊரான ஷயரின் தோட்டங்களும் ஊர்வம்பும் மனதில் பதியாதவருக்கு, கடைசிப் பகுதியில் அதே ஊர் சீரழிந்து கிடக்கும்போது வயிறு எரியாது.

எல்ராண்டின் ஆலோசனைச் சபை அடுத்த சோதனை. அத்தியாயம் முழுக்கப் பேச்சுதான், பெயர்கள் குழப்பும். நிலப்படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் படிப்பவருக்கு, ஃப்ரோடோ சுமக்கும் மோதிரத்தை ஏன் ஒளித்து வைக்க முடியாது என்பது அங்கே முழுதாக விளங்கிவிடும்.

மோரியா சுரங்கத்தில் சலிப்பு பயமாக மாறுகிறது. பாலின் என்ற குள்ளரின் கல்லறை இருக்கும் அறையில் ஒரு குறிப்பேடு கிடைக்கிறது. வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் தீய்ந்து, பழைய ரத்தம் போன்ற கறைகளோடு இருக்கும் அதை மந்திரவாதி காண்டால்ஃப் படித்துக் காட்டுகிறார். சொற்கள் நடுநடுவே அழிந்திருக்கின்றன. கடைசி வரி கிறுக்கலாக இழுபட்டு நின்றுவிடுகிறது. கதைமாந்தரும் வாசகரும் அந்த நேரத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: இருவரும் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் ஆழத்திலிருந்து முரசு கேட்கிறது. பக்கங்களை வேகமாகத் தள்ளுபவர் இந்த நடுக்கத்தை இழந்துவிடுவார். சற்றுப் பின்னால் காண்டால்ஃப் பாலத்திலிருந்து விழும்போது ஆசிரியர் மேல் கோபம் வரும். முதல் பாகமே அப்போது முடிந்திருக்காது. அடுத்து என்ன ஆகிறதென்று பின்பக்கங்களைப் புரட்டாமல் கோபத்தோடேயே மேலே படிப்பது நல்லது.

இரண்டாம் பாகம் வாசகரின் பொறுமையை இன்னும் கடுமையாகச் சோதிக்கிறது. மூன்றாம் பகுதி முழுவதும் ஃப்ரோடோவைப் பிரிந்த பயணத்துணை ஆரகோர்ன் பக்கத்துக் கதை, ஃப்ரோடோவைப் பற்றித் தகவலே இல்லை. நான்காம் பகுதி ஃப்ரோடோ, சாம் இருவருக்கே உரியது. அது ஃப்ரோடோ எதிரியிடம் உயிரோடு சிக்கியதோடு நின்றுவிடுகிறது. முதல் வாசகர்கள் 1954 நவம்பரில் இந்த இடத்தில் நிறுத்தப்பட்டு, மூன்றாம் பாகத்துக்காக 1955 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். அது வந்த பிறகும் ஐந்தாம் பகுதி வேறு திசையில் போகிறது. அதன் கடைசி அத்தியாயத்தில் எதிரியான சாரோனின் தூதுவன் ஃப்ரோடோவின் மித்ரில் கவசத்தைத் தூக்கிக் காட்டுகிறான். சாம் ஃப்ரோடோவை மீட்ட கதை ஆறாம் பகுதியில்தான் வருகிறது என்பதால், அங்கே நிற்பவர்களுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது. கதையைக் கால வரிசைப்படி சொல்லியிருந்தால் அந்தக் கவசத்துக்கு இத்தனை பலம் இருந்திருக்காது. அதனால்தான் ஐந்தாம், ஆறாம் பகுதிகளை மாற்றி மாற்றிப் படித்து ஏக்கத்தைத் தணித்துக்கொள்ளக் கூடாது.

படிக்கும்போது தோன்றுவதை உடனுக்குடன் நோட்டில் எழுதிவைப்பது பெரிய உதவி. முடிவு தெரிந்த பிறகு பழைய சந்தேகங்கள் மறந்துபோகும். பிரீ ஊர் விடுதியில் ஆரகோர்னை நம்பத் தயங்கியதுகூட நினைவில் நிற்காது. அப்படிப்பட்ட குறிப்புக்கு மதிப்பு உண்டு. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ கையெழுத்துப் பிரதியை 1936-ல் படித்துக் கருத்து எழுதிக் கொடுத்தவன் பதிப்பாளரின் 10 வயது மகன் ரெய்னர் அன்வின். அதற்கு ஒரு ஷில்லிங் கூலி கிடைத்தது; புத்தகம் மறு ஆண்டே வெளிவந்தது.

பிறர் தீர்ப்பைப் பார்த்துத் தன் ரசனையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டபிள்யூ. எச். ஆடன் இந்த நாவலைப் போற்றினார். எட்மண்ட் வில்சன் 1956-ல் கடுமையாகச் சாடினார். சிலர் குறை என்று சொன்ன இடங்களையே வேறு சிலர் பாராட்டியதை டோல்கீனே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்.

மோதிரம் அழிந்த பிறகும் ஆறு அத்தியாயங்கள் மிச்சமிருக்கும். திரைப்படம் பார்த்தவர்கள் இதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஷயரை மீட்கும் போராட்டம் படத்தில் இல்லை. அதையும் முடித்த கையோடு பின்னிணைப்பையும் எடுக்க வேண்டும். ஆரகோர்ன், ஆர்வென் காதல் கதை அங்கேதான் இருக்கிறது.