சமமாய் அமர்ந்து ஆராய்தல்

கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை பெரிதாயினும் சிறிதாயினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரே வாக்கு. 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர் அமைத்த சங்கத்தின் வழியாக உலகெங்கும் பரவிய விதி இது. ஆயினும் வாக்களிக்கையில் சமமாயிருப்போர் பேசுகையில் சமமாயிருப்பதில்லை. மகாசபையில் தலைவர் பேசுவார். காரியதரிசி கணக்கு வாசிப்பார். கடைசி வரிசையிலுள்ள சிறு குடியானவர் வாய் திறவார். எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும், எவர் கடன் எந்த மாதத்தில் திரும்பும் என்பதை அறிந்தவர் அவரே. அவருடைய மௌனம் ஆண்டு முடிவில் வராக்கடனாகக் கணக்கில் ஏறுகின்றது.

இக்குறைக்கு மருந்து ஆராய்ச்சி வட்டம். ஸ்வீடன் தேசத்தில் 1902-ல் ஆஸ்கார் ஓல்சன் என்பவர் இம்முறையைத் தொடங்கினார். சிலர் கூடி ஒரு பொருளைப் படித்துத் தம்முள் ஆராய்வர். அங்கே ஆசிரியரும் இல்லை, மாணாக்கரும் இல்லை.

இத்தகைய கூட்டம் தமிழருக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி நகரில் 1908-ல் சுப்பிரமணிய பாரதியாரும், 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அடைக்கலம் புகுந்தனர். ஒருவர் கவி, ஒருவர் கேம்பிரிட்ஜில் கற்றவர், ஒருவர் லண்டனில் சட்டம் பயின்றவர். இவர்கள் அடிக்கடி கூடி வேதம், இலக்கியம், அரசியல் ஆகியவற்றை ஆராய்ந்தனர். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த ரா. கனகலிங்கமும் பாரதியாரின் நெருங்கிய அன்பரானார். ஊரார் புறத்தே நிறுத்திய அவரே பிற்காலத்தில் 'என் குருநாதர்' என்னும் நூலை எழுதிப் பாரதியாரின் புதுவை வாழ்க்கைக்குச் சாட்சியானார். கடைசி வரிசைக்கும் இடமளித்ததன் பயன் இதுவே.

சங்கத்தார் கைக்கொள்ளத்தக்க முறை:

1. எட்டு முதல் பன்னிரண்டு பேர் வட்டமாக ஒரே பாயில் அமர்க. தலைவருக்குத் தனி ஆசனம் வேண்டா.

2. ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள். அதை ஒரு வாரம் முன்னரே அறிவித்திடுக.

3. சிறிய நிலமுடையவர் முதலிற் பேசுக; தலைவர் இறுதியிற் பேசுக. தலைவர் முந்திக்கொண்டால் மற்றவர் தலையசைப்பதோடு நிற்பர்.

4. தவணை தவறியவரைப் பழிக்காமல், தவறிய காரணத்தை ஆராய்க.

5. மாறுபட்ட கருத்தையும் புத்தகத்தில் எழுதிவைத்து, முடிவை மகாசபைக்கு விடுக.

ஐந்தாவது விதிக்கும் புதுச்சேரிப் பிரதேசமே உதாரணம். இந்தியாவுடன் இணைவது குறித்து 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இணங்கினர். 8 பேர் மறுத்தனர். அந்த எட்டு வாக்குகளும் எண்ணப்பட்டுப் பதிவாயின. மறுக்க இடமிருந்தமையாலன்றோ இணங்கியோர் வாக்குக்கு மதிப்பு உண்டாயிற்று?

முதற் கூட்டத்தில் ஆராயத்தக்க கேள்விகள்: சென்ற மகாசபையில் எத்தனை பேர் பேசினர்? பேசாதவர் யாவர்? அவர் பேசியிருந்தால் எந்தக் கடன் வேறு விதமாக வழங்கப்பட்டிருக்கும்?