ஊட்டமும் ஊதியமும்

ஒரு நாட்டின் செல்வம் யாது என்று வினவினால், நிலம், நீர், கால்நடை, தொழிற்சாலை என்று நாம் அடுக்கிச் சொல்வோம். இவற்றையெல்லாம் பயன்படச் செய்யும் மனித உழைப்பை அக்கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். உழைக்கும் உடலும் சிந்திக்கும் மூளையும் உணவினாலேயே உருவாகின்றன. ஆகவே, ஊட்டச்சத்துக்காகச் செலவிடும் பணம் தருமச் செலவு அன்று. கிணறு வெட்டுவதைப் போன்றதொரு முதலீடு ஆகும். வளரும் நாடுகள் சிலவற்றின் அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இழப்பு நேரும் வழிகள்

சத்துக் குறைவினால் மூன்று வழிகளில் நட்டம் உண்டாகிறது. முதலாவது, உடல் வலிமை குன்றி வேலையின் அளவு குறைகிறது. இரண்டாவது, இளமையில் மூளை வளர்ச்சி தடைப்படுவதால் கல்வி முழுப்பயன் தருவதில்லை. மூன்றாவது, அடிக்கடி நோய் கண்டு மருத்துவச் செலவும் வேலையிழப்பும் ஏற்படுகின்றன. பயிர் கருகினால் அந்த ஆண்டிலேயே தெரிந்துவிடும். இந்த நட்டமோ இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும்; அதனால்தான் இதனை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

குவாதமாலாவின் நான்கு கிராமங்கள்

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலா நாட்டில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. இரண்டு கிராமங்களில், தாவரப் புரத மாவும் பால் பொடியும் சர்க்கரையும் கலந்த 'அதோலே' என்னும் கஞ்சி வழங்கப்பட்டது. மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம் தரப்பட்டது. மருத்துவ உதவி நான்கு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது.

அக்குழந்தைகள் வளர்ந்து ஆளான பின், 2002 முதல் 2004 வரை அவர்களைத் தேடிச் சென்று விசாரித்தனர். முதல் இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்கள், மற்ற ஊர்களைச் சேர்ந்தவர்களைவிட மணிக்கு ஏறத்தாழ 46 விழுக்காடு அதிக ஊதியம் பெற்றனர். பெண்களின் ஊதியத்தில் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. எனினும், அவர்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தனர். மூன்று வயதுக்குப் பிறகே கஞ்சி கிடைத்தவர்களுக்கு ஊதிய உயர்வு காணப்படவில்லை என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

உழவர்களுக்கு இது விளங்காததன்று. நாற்றங்காலில் நோஞ்சானாகிவிட்ட நாற்றுக்கு நட்ட பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் முழு விளைச்சலைப் பெற இயலுமா? கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிறையும்வரையிலான ஏறத்தாழ 1,000 நாட்களே மனிதப் பயிருக்கு நாற்றங்கால் ஆகும்.

இந்தோனேசியத் தோட்டத் தொழிலாளர்

வளர்ந்தவர்களுக்கும் ஊட்டம் பயன் தரும். இந்தோனேசியாவில் ரப்பர் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு 1979இல் வெளியாயிற்று. இரத்தசோகையுள்ள தொழிலாளர், ஏனையோரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பால் சேகரித்தனர். இரும்புச்சத்து மாத்திரையை 60 நாட்கள் உட்கொண்ட பின் அவர்களது வேலை அளவு குறிப்பிடத்தக்க வகையில் உயர்ந்தது. சோம்பல் என்று நாம் இகழ்வது பலவேளைகளில் இரத்தக் குறைவே என்பது இதனால் தெற்றென விளங்கும்.

நம் மாநிலத்தின் வழி

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டம் 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிற்று. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இவை பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்த பெருந்திட்டங்கள். ஆயினும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பள்ளிக்கு வருவதில்லை. அதனைக் கருதியே, 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, எடை கூடாதவர்களுக்கு உணவு வழங்கியது. இன்று அப்பணி அங்கன்வாடியிடம் உள்ளது.

பஞ்சாயத்தின் கடமை

"சாலையும் சிறுபாலமும் காத்திருக்க, குழந்தை உணவு நம் வேலையா?" என்று கூட்டங்களில் நம்மிடம் கேட்பதுண்டு. சாலை வேண்டியதே. ஆனால், அச்சாலையில் மூட்டை ஏற்றிச் செல்லும் தோள்களும் வேண்டுமன்றோ? பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை இவை:

1. அங்கன்வாடியில் எடையிடப்படாத குழந்தைகள் எத்தனை பேர், எடை கூடாத குழந்தைகள் எத்தனை பேர் என்பதைக் கிராம சபையில் கேட்டறிதல். குழந்தைகளின் பெயரைச் சபையில் கூறலாகாது.

2. கருவுற்ற பெண்கள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ளச் செய்தல். வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கத்தை மாற்றுதல்.

3. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் ஊட்டவும், பின்னர்த் தாய்ப்பாலோடு சத்துமாவு, பயறு, கீரை, முட்டை ஆகியவற்றைப் பதமாக்கிக் கொடுக்கவும் எடுத்துரைத்தல்.

4. குடிநீர்த் தொட்டியைத் தூய்மையாக வைத்தல். கழிப்பறைகளைப் பயன்படுத்தச் செய்தல். வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் உண்ட உணவின் சத்தைக் களவாடும்.

5. வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கீரையும் பயிரிடுதல். விளைந்த பயறு முழுவதையும் விற்றுவிடாமல், குழந்தைக்கென ஒரு பங்கை வீட்டில் வைத்தல்.

வளர்ச்சிப் பணிகளில் பல, தவறினால் அடுத்த ஆண்டு செய்துகொள்ளக் கூடியவை. குழந்தையின் முதல் இரண்டாண்டுகள் மட்டும் மீண்டும் வருவதில்லை. ஆகையால், அடுத்த கிராம சபையின் நிகழ்ச்சி நிரலில் அங்கன்வாடியின் எடைப் பதிவேட்டையும் சேர்த்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.