இறங்காத கைகாட்டி

ரயில்வேயில் டிப்ளமா இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் படித்தவனல்ல. என் மனைவி இரண்டு வருடம் பட்ட பாடுதான் இந்த வியாதியைப் பற்றி என்னைப் படிக்க வைத்தது.

"சோறு நெஞ்சிலேயே நிற்கிறது" என்பாள். தண்ணீரும் அப்படித்தான். இரவில் படுத்தால் சாப்பிட்டது செரிக்காமல் மேலே வரும், கூடவே இருமல். அசிடிட்டி என்று மாத்திரை கொடுத்தார்கள். எடை பதினொரு கிலோ குறைந்தது. சங்கத்தின் பொங்கல் விழாவில் எல்லோரும் பந்தியில் உட்கார, அவள் மட்டும் பரிமாறப் போய்விட்டாள். அன்றுதான் எனக்கு உறைத்தது.

வியாதியின் பெயர் அகலேசியா கார்டியா. உணவுக் குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ளது. நாம் விழுங்கியதும் அதன் தசைகள் அலைபோலச் சுருங்கி உணவைக் கீழே தள்ளும். வயிற்றின் வாசலிலுள்ள வளையத் தசை தளர்ந்து வழிவிடும். இரண்டையும் நடத்துபவை குழாயின் சுவரிலுள்ள நரம்பணுக்கள். அவை அழிந்தால் அலையும் நின்றுவிடும், வாசலும் திறக்காது. பழைய கைகாட்டியில் கம்பி அறுந்தால் கை இறங்காது, வண்டி வெளியே நிற்கும் அல்லவா? அதே கதைதான்.

எண்டோஸ்கோப்பி முதலில் அவசியம். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் அதில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்தால் குழாயின் அடிப்பகுதி பறவையின் அலகுபோலக் கூம்பித் தெரியும். அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி சோதனை சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

1674-லேயே இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சு கட்டி வாசலைத் தள்ளித் திறந்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்று பலூனால் விரிக்கிறார்கள். அல்லது அந்தத் தசையை வெட்டித் தளர்த்துகிறார்கள். இது 1913-ல் ஜெர்மனியின் ஹெல்லர் செய்த ஆபரேஷன். இப்போது லாப்ராஸ்கோப் மூலம் நடக்கிறது. 2008-ல் ஜப்பானின் இனோவே, வாய்வழி எண்டோஸ்கோப்பாலேயே தசையை வெட்டும் 'போயம்' முறையைத் தொடங்கினார்.

எந்தச் சிகிச்சையும் அறுந்த கம்பியை ஒட்டவைப்பதில்லை. கையை இறக்கிக் கட்டிவைக்கிறது, அவ்வளவே. அதனால் அமிலம் மேலேறலாம். நன்றாக மென்று, நிமிர்ந்து உட்கார்ந்து, தண்ணீருடன் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும். டாக்டரிடம் அவ்வப்போது காட்டிக்கொள்ளவும் வேண்டும்.

ஹெல்லர் ஆபரேஷனுக்குப் பின் இந்தப் பொங்கலுக்கு என் மனைவி பந்தியில் உட்கார்ந்தாள், நான் பரிமாறினேன். உங்கள் வீட்டிலும் யாராவது சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தால், ஏன் என்று கேளுங்கள்.