சகோதரன் என்கிற வார்த்தை



ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் நம்முடைய சபைகளில் எல்லாருமே "பிரதர்" தான். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவரும் பிரதர், பாஸ்டரும் பிரதர். பேர் மறந்துபோனாலும் பிரதர் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்! அந்த வார்த்தைக்குள்ளே என்ன இருக்கிறது?

"சகோதரன்" சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். சக என்றால் கூட, உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டில் வருகிற கிரேக்கச் சொல் "அதெல்போஸ்". அதற்கும் ஒரே கர்ப்பம் என்பதே மூலப்பொருள். எபிரெயச் சொல்லோ இன்னும் விசாலமானது. லோத்து ஆபிராமுடைய கூடப்பிறந்தவன் மகன்தான், ஆனாலும் மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்தபோது, நாம் சகோதரர் என்றே ஆபிராம் பேசுகிறார் (ஆதி. 13:8).

வெளிப்படுத்தலில் வரும் பிலதெல்பியாவுக்குள்ளும் இந்த அதெல்போஸ் இருக்கிறது. சகோதரனை நேசிக்கிறவன் என்பது பெர்கமு ராஜா இரண்டாம் அத்தாலுவின் பட்டப்பெயர் (கி.மு. 159-138). அண்ணன் யூமெனஸ் ராஜாவாயிருந்த காலத்தில் ரோமர்கள் இவனுக்கு ஆசை காட்டிப் பார்த்தார்கள். அண்ணனுடைய ராஜ்யத்தின்மேல் இவன் கை வைக்கவில்லை. சொத்து விஷயத்தில் இது லேசான காரியமா?

நம்முடைய பழந்தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எம்பி என்றால் என் தம்பி (பார்லிமெண்ட் எம்.பி. அல்ல!), உம்பி என்றால் உன் தம்பி, தம்பி என்றால் அவன் தம்பி. எந்தை, நுந்தை, தந்தை என்பதும் இப்படியே. யாருடையவன் என்பது சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை மனதில் வைத்து லூக்கா 15-ஐ வாசியுங்கள். மூத்த குமாரன் அப்பாவிடம் கோபமாய்ப் பேசும்போது தம்பி என்று சொல்லவில்லை, உம்முடைய குமாரன் என்கிறான் (வச. 30). எம்பி என்று சொல்ல வாய் வரவில்லை! தகப்பன் அந்த உறவைத் திருப்பி அவன் கையிலேயே கொடுக்கிறார்: உன் சகோதரன் (வச. 32).

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பா விட்டுப்போன ஒரு ஃபைபர் போட்டுக்காக ஆறு வருஷமாய்ப் பேசுவதில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டால் அண்ணன், "அதுவா? எங்கம்மா வயித்துல பொறந்தது" என்பார். "பிரதர், சகோதரன்னா அதேதான் அர்த்தம்" என்று போன வாரம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.