ஓட வைப்பதும் நிற்க வைப்பதும்

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பழுதுபட்ட ஓர் இயந்திரத்தை மீண்டும் ஓட வைத்துவிட்டால் பழுது நீங்கிவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில், மரத்தின் கீழ் அகப்பட்டு நசுங்கிய ஒரு சங்கிலி வாளைச் செப்பனிடும் பட்டறையில் ஏழு நாட்கள் எடுபிடியாக நின்றேன். அந்த எண்ணம் மாறிவிட்டது. வகுப்பில் படித்த இயற்பியல் அங்கே எந்தெந்த இடத்தில் எதிர்ப்பட்டது என்பதைத் தோழர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

விபத்து

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஊருக்கு ஊர் ஆள் தேடிய அந்நாளில்தான், என் தாய்மாமா கடன் பட்டு ஒரு பெட்ரோல் சங்கிலி வாள் வாங்கினார். எங்கள் பக்கம் அதற்கு 'மரம் அறுக்கும் மிஷின்' என்று பெயர். அன்று முதல் அதுவே அவர் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது.

சென்ற வைகாசியில் வாய்க்கால் கரையில் சாய்ந்து நின்ற ஒரு புளிய மரத்தை அறுத்தார். சாய்வுப் பக்கம் முன்வெட்டுப் போட்டுவிட்டுப் பின்பக்கம் அறுக்கையில், அடிமரத்தின் உள்ளே இருந்த பொந்து நொறுங்கியது. மரம் முறுக்கிக்கொண்டு வாளைக் கவ்விப் பிடித்தது. மாமா ஒரு கணமும் இழுத்துப் பார்க்கவில்லை. மிஷினை அப்படியே விட்டுவிட்டு, முன்பே ஒதுக்கி வைத்திருந்த வழியில் பின்புறம் விலகி ஓடினார். அடிமரம் மிஷின் மேல் இறங்கியது. அவர் உயிர் தப்பியது, கருவியைக் கைவிடத் தெரிந்திருந்ததால்தான்.

முதற் பாடம்: கயிற்றை இழுக்காதே

மறுநாள் சாக்கில் கட்டிப் பட்டறைக்குக் கொண்டு போனோம். பின்கைப்பிடி பெட்ரோல் தொட்டியோடு பிளந்திருந்தது. ஸ்டார்ட்டர் மூடி நொறுங்கியிருந்தது. சங்கிலி ஓடும் நீண்ட 'பார்' வளைந்திருந்தது. முன்னால் இருக்கும் கைக்காப்பு முறிந்து போயிருந்தது.

"இழுத்துப் பார்ப்போமா அண்ணே, ஓடுதான்னு?" என்றேன் நான்.

"தொடாதே தம்பி. உள்ளே எது முறிஞ்சிருக்குன்னு தெரியாம ஓட்டினா, மிச்சமிருக்கிறதும் போயிடும்" என்றார் மெக்கானிக்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைக் கையாலேயே மெல்லச் சுழற்றினார். எங்கும் உரசாமல் சுழன்றது. கிராங்க் தண்டு நேராக இருக்கிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. பிறகு கிளட்சைக் கழற்ற வேண்டும். பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்துப் பிஸ்டனை அசையாமல் நிறுத்திக்கொண்டார். கிளட்சின் மரை வழக்கத்துக்கு மாறானது. வலப்புறம் திருப்பினால்தான் கழலும். அறியாதவர் இடப்புறம் திருகித் திருகியே மரையைக் கெடுத்துவிடுவார்.

இரண்டு கிராமின் எடை

ஸ்டார்ட்டர் மூடிக்குப் பின்னால் இருப்பது காந்தம் பதித்த பறக்கும் சக்கரம். அதன் விளிம்பிலுள்ள தகடுகளே விசிறியாகக் காற்றடித்து இயந்திரத்தைக் குளிர்விக்கின்றன. இரண்டு தகடுகள் உடைந்திருந்தன. "இவ்வளவு சின்னத் துண்டுதானே!" என்று எனக்குத் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடைந்த உலோகம் 2 கிராம், அச்சிலிருந்து தூரம் 4 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று கொள்வோம். மையவிலக்கு விசைச் சூத்திரப்படி சுமார் 71 நியூட்டன் வருகிறது. அதாவது, ஏறத்தாழ 7 கிலோ எடை வினாடிக்கு 150 முறை திசை மாறித் திசை மாறிப் பேரிங்கை இழுப்பதற்கு ஒப்பாகும். சக்கரத்தை மாற்றியே தீர வேண்டும் என்பது அப்போது விளங்கியது. புதிய சக்கரத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளி விட்டுக் காயிலை முடுக்கினார்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

இது இரண்டு வீச்சு இயந்திரம். இதற்குத் தனியே எண்ணெய்த் தொட்டிப் பாசனம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பைத் தருகிறது. எனவே எங்கேனும் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறையும். கூடவே எண்ணெயும் குறையும். சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

இதைச் சோதிக்க அவர் கையாண்ட முறை வியப்பூட்டியது. புகைவழியையும் கார்புரேட்டர் வழியையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தால் உள்ளே காற்றேற்றினார். மேலே சோப்பு நீரைத் தடவி, சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பினார். ஒரு நிலையில் கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாயில் குமிழிகள் வந்தன. கைப்பிடி பிளந்தபோது அது இழுபட்டு மடிப்பில் கிழிந்திருக்கிறது. கண்ணுக்கு முழுதாகத் தெரிந்த அந்தக் குழாய், ஒரே நாளில் இயந்திரத்தைக் கொன்றிருக்கும்.

நான்காம் நாள் தகராறு

புதிய கைப்பிடி, குழாய், சக்கரம் எல்லாம் பொருத்தி நான்காம் நாள் மாலை கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் மிஷின் உயிர் பெற்றது. மாமாவின் முகம் மலர்ந்தது. மறுநாளே ஒரு தோப்பு வேலைக்கு அவர் முன்பணம் வாங்கியிருந்தார். அந்தக் கூலியில்தான் என் விடுதிக் கட்டணத்தையும் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் முறிந்த கைக்காப்பும் அதோடு இணைந்த சங்கிலித் தடையும் சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும். "அது இல்லாமலே ஓட்டிக்கிறேன். பழசுலயும் தூள் அடைச்சு அது வேலை செஞ்சதே இல்லை" என்றார் மாமா. நானும் அவர் பக்கமே பேசினேன். என் கட்டணம் என் கண்ணை மறைத்தது.

மெக்கானிக் கோபிக்கவில்லை. "நீ படிச்ச பிள்ளைதானே? சங்கிலி எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு கணக்குப் பாரு" என்றார்.

பார்த்தேன். பற்சக்கரத்தில் 7 பற்கள். ஒரு பல் சுமார் 19 மி.மீ. சங்கிலியைத் தள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு 133 மி.மீ.; வினாடிக்கு 150 சுற்று. ஆக, வினாடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர்! பாரின் மூக்கு நுனியின் மேற்பாதி எதிலாவது பட்டுவிட்டால், வாள் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். அபாயத்தை உணர்ந்து மனிதன் கையை அசைக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி வேண்டும். அதற்குள் 4 மீட்டர் நீளச் சங்கிலி ஓடிவிடும். கைக்காப்போ மனிதன் உணரும்வரை காத்திருப்பதில்லை. வாள் திடீரென எகிறும்போது, நிலைமத்தால் காப்பு பின்தங்குகிறது; அந்த அசைவே வில்லை விடுவிக்க, எஃகுப் பட்டை கிளட்ச் உருளையை இறுக்கிச் சங்கிலியை நிறுத்துகிறது. நியூட்டனின் முதல் விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். அது ஓர் உயிரைக் காக்க அங்கே காத்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

கணக்கை மாமாவிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். "சரி மாப்ளே, மூணு நாள்தானே" என்றார். தோப்பு வேலை வேறொருவருக்குப் போயிற்று. என் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போய், ஆவணியில் திரும்பி வந்தது.

முடிவு

ஏழாம் நாள் புதிய பாரும் சங்கிலியும் ஏற்றினார்கள். வளைந்த பாரை நிமிர்த்துவதோ, அடிபட்ட சங்கிலியைத் தீட்டி மீண்டும் போடுவதோ கூடாது என்பது அவர் கொள்கை; அடிபட்ட கண்ணி எப்போது அறும் என்று யாரும் அறியார். மிஷினை முழுவேகத்தில் வைத்து, மாமா இடக்கையின் மணிக்கட்டால் கைக்காப்பை முன்னே தள்ளினார். சங்கிலி அக்கணமே நின்றது. அதன் பிறகே மெக்கானிக் கூலி வாங்கினார்.

இப்போதெல்லாம் மாமா ஒவ்வொரு காலையும் முதல் மரத்தில் வாளை வைக்கும் முன், தடைப் பட்டையில் படிந்த தூளைத் தட்டிவிட்டு, ஒருமுறை நிறுத்திப் பார்க்கிறார். பக்கத்தில் நின்றால் என்னையும் பார்க்கச் சொல்கிறார்.