பழங்கிளையில் பூக்கும் ஸ்பைரியா

இமயமலைச் சரிவில் அமைந்த சிம்லா, முசூரி போன்ற ஊர்களின் தோட்டங்களில் ஸ்பைரியா என்னும் புதர்ச்செடியைக் காணலாம். இது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. வசந்தகாலத்தில் இதன் வளைந்த கிளைகள் முழுவதும் சிறிய வெண்பூக்கள் கொத்துக்கொத்தாக மலரும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் கிளைகளின்மேல் பனி படிந்தது போலத் தோன்றும். சீனாவிலிருந்து வந்த வகையும் உண்டு. இமயமலைக் காடுகளில் தானே வளரும் வகையும் உண்டு. முன்பு இவ்வினத்தில் சேர்த்து எண்ணப்பட்ட ஓர் ஐரோப்பியச் செடியின் பெயரே, 1899இல் 'ஆஸ்பிரின்' என்னும் மருந்தின் பெயருக்குள் புகுந்தது.

இதனை வளர்ப்பது கடினமன்று. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். நட்ட முதல் ஆண்டில் தவறாது நீர் ஊற்றுதல் வேண்டும். இளந்தளிரில் அசுவினி மொய்த்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம்.

கவாத்து செய்வதில்தான் கவனம் தேவை. ஊரில் மல்லிகை வளர்த்த உங்கள் பாட்டி, "கார்த்திகை, மார்கழியில் செடியை வெட்டிவிடு, அப்போதுதான் நன்றாகப் பூக்கும்" என்று கூறுவார். மல்லிகைக்கு அது மிகவும் பொருந்தும்; புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் மல்லிகை அரும்பு விடும். வசந்தத்தில் பூக்கும் ஸ்பைரியாவோ சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில் பூப்பது. அதன் அரும்புகள் பனிக்காலம் முழுவதும் இலையுதிர்ந்த குச்சிகளில் உறங்கிக் கிடக்கும். காய்ந்த குச்சி என்று எண்ணி மார்கழியில் வெட்டினால் செடி பிழைக்கும், இலையும் துளிர்க்கும். ஆனால், வெட்டிய கிளைகளோடு அவ்வாண்டின் பூக்களும் போய்விடும். ஆகவே, பூக்கள் உதிர்ந்தவுடனே வெட்டுதல் வேண்டும். முதிர்ந்த தண்டுகளுள் மூன்றில் ஒரு பங்கை அடியோடு நீக்கினால், புதிய தண்டுகள் எழும்.

இளஞ்சிவப்புப் பூக்களையுடைய ஜப்பானிய ஸ்பைரியா கோடையில், புதுக்கிளையில் பூக்கும். அதற்குப் பாட்டியின் முறையே ஏற்றது: பனிக்கால முடிவில், தளிர் விடுமுன் வெட்டலாம்.

அருஞ்சொற்பொருள்
கவாத்து – கிளைகளை வெட்டிச் சீர்செய்தல்
அரும்பு – மொட்டு
அசுவினி – செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி

பயிற்சி
1. மல்லிகைக்கும் வசந்தகால ஸ்பைரியாவுக்கும் கவாத்துக் காலம் வேறுபடுவது ஏன்?
2. பிரித்து எழுதுக: வெண்பூ, பழங்கிளை.
3. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் ஊரில் வளர்த்த ஒரு செடியைப் பற்றிக் கேட்டு, ஐந்து வரிகளில் எழுதுக.